முதல் பழம் என்னுடையது

"எலும்புல புத்து வச்சிருக்கும்போலத் தெரியுதும்மா" என்றுதான் பெரம்பலூர் ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னார்.

என் மகள் அப்போது ஆறாவது படித்துக்கொண்டிருந்தாள். வலது முழங்காலுக்கு மேலே ஒரு வீக்கம். பாவாடை தடுக்கி எங்கேயோ விழுந்திருப்பாள் என்று நினைத்து, சுளுக்கு வழித்துப் பார்த்தோம், பத்துப் போட்டுப் பார்த்தோம். வடியவில்லை. ராத்திரியில் வலி தாங்காமல் முனக ஆரம்பித்த பிறகுதான் பஸ் ஏறினோம். எமர்ஜென்சி முடிந்து எலெக்‌ஷன் நடந்த சமயம் அது. டாக்டரை நான் ஒரு குற்றமும் சொல்ல மாட்டேன். படம் எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் காட்டினார். தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். காலை எடுக்க வேண்டியிருக்கும், சீக்கிரம் எடுத்தால் உயிர் தங்க வழி உண்டு என்றார். கேன்சர் என்ற வார்த்தையை அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் எட்டாவது வரை படித்த எனக்கு அது என்னவென்று அன்றைக்குத் தெரிந்திருக்காது.

புத்து என்ற வார்த்தை எனக்கு நன்றாகத் தெரியும். அதுதான் வினையாகப் போயிற்று.

குன்னத்துக்குப் பக்கத்தில் மானாவாரிக் காடு எங்களுக்கு. பருத்தி போடுவோம். முந்தின கோடையில் வரப்போரமாக ஆள் உயரத்துக்கு ஒரு பாம்புப் புற்று இருந்தது. ஏர் திரும்ப இடைஞ்சலாக இருக்கிறது என்று என் வீட்டுக்காரர் கடப்பாரையால் இடித்து, அந்த இடத்தையும் சேர்த்து உழுதுவிட்டார். அன்றைக்குக் கஞ்சிக் கலயத்தோடு அங்கே வந்து நின்றவள் என் மகள். டாக்டர் வாயிலிருந்து புத்து என்ற வார்த்தை வந்ததுமே என் வீட்டுக்காரர் முகம் செத்துப்போயிற்று. பஸ்ஸில் வரும்போது இருவருக்கும் ஒரே நினைப்புதான். இடித்த புற்று பிள்ளை காலில் வந்து முளைத்திருக்கிறது.

தஞ்சாவூர் பஸ் ஏறுவதற்கு முன்னால் பூசாரியைப் போய்ப் பார்த்தோம். ஊருக்கு வடக்கே ஒரு புற்று, அதற்கு மேல் கீற்றுக்கொட்டகை, அதுதான் அவருடைய நாகாத்தம்மன் கோயில். வெள்ளிக்கிழமை மத்தியானம் குறி சொல்லுவார். அரியலூரிலிருந்துகூட ஆட்கள் வருவார்கள். வருகிறவர்கள் ஆளுக்கொரு எலுமிச்சம்பழம் கொண்டுபோய்ப் பித்தளைத் தட்டில் வரிசையாக வைக்க வேண்டும். வைத்த வரிசைப்படி ஒவ்வொரு பழமாக எடுத்து நெற்றியில் உருட்டிக்கொண்டு, அவர்கள் கேட்பதற்குப் பதில் சொல்லுவார். தட்டில் விழுந்த பழத்தை விட்டுவிட்டு அடுத்த பழத்தைத் தொட்டால் சாமி மலையேறிவிடும், அப்புறம் அன்றைக்கு ஒருத்தருக்கும் வாக்கு வராது. இது அவரே வைத்த சட்டம். பணக்காரன் பழத்தையும் கூலிக்காரன் பழத்தையும் ஒன்றாகப் பார்க்கிறார் என்று ஊரில் அவருக்கு இதனாலேயே மரியாதை.

எங்கள் பழத்தை எடுத்தார். நாங்கள் வாயைத் திறந்து புற்று இடித்ததையும் டாக்டர் புத்து என்றதையும் சொன்னோம். நாங்கள் சொன்னதையே எடுத்து எங்களுக்குத் திருப்பிச் சொன்னார்.

"வூடு இழந்தவ இந்தப் புள்ள கால்ல வூடு கட்டிக்கிட்டா. கத்தி வச்சீங்கன்னா தலைக்கு ஏறிடுவா. ஒரு மண்டலம் இங்க புத்துக்குப் பால் ஊத்துங்க. தானா எறங்கிப் போயிடுவா. ஆஸ்பத்திரிப் பக்கம் போகாதீங்க."

எங்களுக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று சொல்லி முடியாது. பெண்பிள்ளைக்குக் காலை எடுக்க வேண்டாம். வேறென்ன வேண்டும்.

பால் எங்கள் எதிர்வீட்டிலிருந்து வந்தது. எதிர்வீட்டுக்காரி எனக்கு அத்தாச்சி முறை. சின்ன வயதிலேயே தாலி அறுத்தவள். இரண்டு மாட்டை வைத்துக்கொண்டு யாருக்கும் தலை வணங்காமல் பிழைத்தவள். வாய் மட்டும் ஊருக்கே பெரிய வாய். கறந்த சூடு ஆறுவதற்குள் செம்பில் ஊற்றிக் கொடுப்பாள். புற்றுக்குப் பால் ஊற்றப் போகும்போது என் மகள் முதலில் நடந்தே வந்தாள். பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாள். கடைசியில் அத்தாச்சிதான் இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள். பதினோரு வயதுப் பெண், பாரமே இல்லை. கால் மட்டும்தான் பாரம்.

மண்டலம் முடிந்தபோது வீக்கம் பூசணிப் பிஞ்சு அளவுக்கு வந்து, தோல் பளபளவென்று இருந்தது. இருமல் வந்துவிட்டது. அதன் பிறகு தஞ்சாவூர் போனோம். நெஞ்சுக்கு ஏறிவிட்டது, இனிமேல் காலை எடுத்தும் பலன் இல்லை என்றார்கள். முதல் சீட்டில் போட்டிருந்த தேதியைப் பார்த்துவிட்டு அந்த டாக்டர் ஒன்றுமே கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. வலிக்கு மருந்து கொடுத்துச் சில மாதம் அங்கேயே வைத்திருந்தார்கள். மார்கழியில் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். தை பிறப்பதற்கு முன்னால் போய்விட்டாள்.

அதற்கப்புறமும் நான் பூசாரியை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நம் பக்கம்தான் ஏதோ குறை, பால் ஊற்றியும் அவள் மனம் இறங்கவில்லை என்றே நம்பினேன்.

வந்த பெண்டுகள் அழுதார்கள். அது அவர்கள் கடமை. பிறகு புத்தி சொல்ல ஆரம்பித்தார்கள். வயசு இருக்கிறது, இன்னொன்று பெற்றுக்கொள் என்று ஒருத்தி சொன்னாள். என் தலையை வாரிக்கொண்டிருந்த அத்தாச்சி சீப்பை நிறுத்தாமலே, "உங்க வூட்டுல புள்ளையா வளக்கறீங்க, ஆடா? ஒண்ணு செத்தா சந்தையில ஒண்ணு புடிச்சுக்கிட்டு வர?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை என் வீட்டில் யாரும் எடுக்கவில்லை. நான் தலை வாராமல் கிடந்த அத்தனை காலமும் தினமும் காலையில் பாலைக் கறந்து வைத்துவிட்டு வந்து எனக்குப் பின்னால் உட்கார்ந்து வாரிவிட்டுப் போவாள். ஆறுதல் என்று ஒரு சொல் சொன்னதில்லை.

இன்னொருத்தி லாத்தா. முஸ்லிம் வீட்டு அக்காவை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம். லப்பைக்குடிக்காட்டிலிருந்து துணி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு ஊர் ஊராக வருவாள். என்னைவிட மூத்தவள். மற்றவர்கள் எல்லாம் என் மகள் பேச்சை என் முன்னால் எடுக்கப் பயந்தார்கள். லாத்தாதான் எடுப்பாள். "கத்திரிப்பூ கலர் காட்டுனா இது கத்திரிக்கா கலருன்னு சொல்லிச் சண்டை போடுவாளே, அந்தக் கலர் இந்தத் தடவை வந்திருக்கு பாரு" என்பாள். நான் அழுவேன். மூட்டையைக் கட்டாமல் அழுது முடியும்வரை இருப்பாள். அன்றைக்கு அவள் வியாபாரம் அவ்வளவுதான்.

அடுத்த ஆடியில் லாத்தாவோடு பெரம்பலூர் போனேன். எனக்குத் தலைசுற்றல், ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு வரலாம் என்று அவள்தான் இழுத்துக்கொண்டு போனாள். சீட்டு வாங்குகிற வரிசையில் எங்களுக்கு முன்னால் பூசாரி நிற்கிறார். தோளில் அவர் பேத்தி. தாடைக்குக் கீழே வீங்கியிருந்தது.

வீக்கம் வந்து எத்தனை நாளாகிறது என்று லாத்தா கேட்டாள். நேற்றுச் சாயங்காலம் பார்த்ததாகச் சொன்னார். என்னைப் பார்த்ததும் துண்டை எடுத்துப் பிள்ளையின் கழுத்தை மூடினார்.

"பால் ஊத்தலீங்களா?" என்று கேட்டேன். மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன்.

"பச்சப்புள்ள ஆச்சே ஆத்தா" என்றார். "டாக்டரு பாத்தாத்தான் நல்லது."

இதுவரைக்கும் அவர் என்று எழுதிக்கொண்டு வந்தேன். அந்த வரிசையில் நின்றபோது அது முடிந்தது. இனி அவன்தான்.

வீட்டுக்கு வந்ததும் அத்தாச்சியிடம் சொன்னேன். அவன் வாசலில் போய் மண்ணை வாரித் தூற்றிவிட்டு வருகிறேன் என்று எழுந்தேன். அவள் என் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"மண்ணை வாரித் தூத்துனா தொடைச்சுக்கிட்டுப் போயிடுவான். புள்ளைய பறிகொடுத்தவளுக்குப் புத்தி கலங்கிடுச்சும்பான். ஊரும் ஆமாம்பாங்க. நாளன்னிக்கு வெள்ளிக்கிழமை. ஒரு பழம் கொண்டுபோய் மொத ஆளா வையி."

"வச்சு?"

"கேளு. எம்பொண்ணு எதனால செத்தான்னு கேளு. அதைச் சொல்லாம அடுத்த பழத்தைத் தொட முடியாதுல்ல. அவன் போட்ட சட்டம்தானே."

அப்படித்தான் ஆரம்பித்தது. வெள்ளிக்கிழமை வெயில் ஏறுவதற்குள் தலை குளித்துவிட்டு, நெற்றி நிறையக் குங்குமம் வைத்துக்கொண்டு போவேன். தட்டில் முதல் பழம் என்னுடையது. அடுத்தது அத்தாச்சியுடையது. லாத்தா அவர்கள் மார்க்கத்தில் இல்லாத காரியம் என்பதால் பழம் வைக்க மாட்டாள். ஆனால் மூட்டையைக் கொட்டகை வாசலில் இறக்கி வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்திருப்பாள். என்ன வியாபாரம் இங்கே என்று கேட்டவர்களிடம், "வெயிலுக்கு ஒதுங்கினேன்" என்பாள்.

முதல் வாரம் என் கேள்வியைக் கேட்டதும், அவள் ஆயுசு அவ்வளவுதான் என்றான். அடுத்து அத்தாச்சி பழம். அவளும் என் மகளைப் பற்றித்தான் கேட்டாள். ஆயுசு அவ்வளவுதான் என்றால் ஆஸ்பத்திரிக்குப் போகாதே என்று எதற்குச் சொன்னாய் என்றாள். அதற்கு என்னவோ முனகிவிட்டு மூன்றாம் பழத்துக்குப் போனான்.

இரண்டாம் வாரம் அதே கேள்வி. அன்றைக்கு அவனுக்கு ஆங்காரம் வந்துவிட்டது. உடம்பை ஒரு உலுக்கு உலுக்கிக்கொண்டு, "பால்ல தண்ணி கலந்திருந்துச்சு. ஆத்தாவ ஏமாத்துனீங்க" என்றான்.

அவன் செய்த தப்பு அதுதான். என்னைச் சொல்லியிருந்தால் நான் அழுதுகொண்டு போயிருப்பேன். அது அத்தாச்சி மாட்டுப் பால். அவள் எழுந்து நின்றாள்.

"எலேய், எம் மாட்டுப் பாலைக் குடிச்சுத்தாண்டா ஒம் பேத்தி நடக்குறா. அன்னைக்கு ஒம் பொண்டாட்டி சொம்பைத் தூக்கிக்கிட்டு எங்க வூட்டு வாசல்ல நின்னப்ப அதுல தண்ணி தெரியலையாடா?"

கூட்டத்தில் சிரிப்பு வந்துவிட்டது. சாமி வந்திருக்கிற ஆளைப் பார்த்து எங்கள் ஊரில் யாரும் சிரித்ததில்லை. அன்றைக்குச் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. என் பழம் அவன் கையில் இருந்தது, அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் அவன் கை மாற்றி மாற்றிப் பிடித்ததை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்கப் பார்க்க எனக்கு நன்றாக இருந்தது. மகள் போன பிறகு முதல்முறையாக அன்றைக்குத்தான் பசித்துச் சாப்பிட்டேன்.

அப்புறம் வாராவாரம் போனோம். ஒரு வாரம் புருஷன் செய்த பாவம் என்றான். ஒரு வாரம் போன பிறவி என்றான். ஒவ்வொரு பதிலையும் அத்தாச்சி அடுத்த பழத்தில் பிய்த்துப் போட்டாள். பிறகு ஒரு வெள்ளி, இன்றைக்குச் சாமி வரவில்லை என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டான். அடுத்த வெள்ளியும் வரவில்லை. வெளியூர்க்காரர்கள் வந்து காத்திருந்து பஸ் ஏறித் திரும்பினார்கள். வரத்து குறைந்தது.

என் வீட்டுக்காரர் பயந்துவிட்டார். தெய்வக் குத்தம் ஆகிவிடும், விட்டுவிடு என்று கெஞ்சினார். தெய்வத்திடம் நான் எதையும் மறைக்கவில்லை என்றேன். பொய் இல்லை. சனிக்கிழமை தோறும் விரதமிருந்து கல்லங்குறிச்சிக்குப் போய்க்கொண்டிருந்தேன். அங்கே பெருமாள் கம்பமாக நிற்கிறார். சுற்றி நிற்கிறவர்கள் மழை கேட்பார்கள், மாட்டுக்குச் சுகம் கேட்பார்கள். நான் கையைக் கூப்பிக்கொண்டு, அவனைச் சாகடிக்க வேண்டாம் பெருமாளே, கூட்டத்துக்கு நடுவில் அவன் வாயை நீ கட்ட வேண்டும், அதை நான் கண்ணால் பார்க்க வேண்டும் என்று கேட்பேன். இப்படியெல்லாம் பெருமாளிடம் கேட்கலாமா என்று நான் யோசித்ததே இல்லை. பெற்றவள் கேட்கிறதை அவர் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

ஊர்ப் பெரியவர்கள் வந்து சொன்னார்கள். கடைசியில் அவன் பெண்டாட்டி வந்தாள். எங்க வூட்டுப் பொழப்பே போகுதக்கா என்று வாசற்படியில் தலையை வைத்து அழுதாள். என் வூட்டுல போனது பொழப்பு இல்லையே என்றேன். தண்ணீர் குடிக்கிறாயா என்றுகூட அவளைக் கேட்கவில்லை.

ஐப்பசியில் ஒரு வெள்ளி. அடைமழை விட்டு லேசாக வெயில் வந்திருந்தது. என்ன நினைத்தானோ, அன்றைக்குத் தட்டை வைத்து உட்கார்ந்தான். நானும் அத்தாச்சியும் பழத்தை வைத்தோம். எங்களுக்கு அடுத்து, ஜெயங்கொண்டம் பக்கத்துக்காரி ஒருத்தி வந்து பழம் வைத்தாள். எங்களை அறியாதவள். மடியில் நாலு வயதுப் பிள்ளை. கழுத்தில் கோலிக்குண்டு கோலிக்குண்டாகக் கட்டி. ஆஸ்பத்திரியில் என்ன சொன்னார்கள் என்று லாத்தா வாசலிலிருந்து கேட்டாள். இன்னும் காட்டவில்லை, முதலில் சாமி வாக்கு கேட்டுவிட்டுப் போகலாம் என்று வந்ததாகச் சொன்னாள்.

அவன் என் பழத்தை எடுத்தான்.

"எம்பொண்ணு எதனால செத்தா?"

நெற்றியில் உருட்டவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான். அந்தப் பிள்ளையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"தெரியல" என்றான்.

"கேக்கல. சத்தமா சொல்லு."

"தெரியல ஆத்தா. அது என்ன நோவுன்னும் எனக்குத் தெரியாது, எதனால வந்துச்சுன்னும் தெரியாது."

"அந்தப் புள்ளைக்கு வந்தது?"

"அதுவும் தெரியாது." அந்தப் பெண்ணைப் பார்த்து, "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போம்மா" என்றான்.

அவள் ஒன்றும் புரியாமல் விழித்தாள். லாத்தா மூட்டையை அங்கேயே போட்டுவிட்டு அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு பெரம்பலூர் பஸ்ஸுக்கு ஓடினாள். அந்தப் பிள்ளை பிழைத்ததா இல்லையா என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. டாக்டர் கையில் கொடுத்துவிட்டு வந்தேன் என்று மட்டும் லாத்தா சொன்னாள்.

கூட்டம் கலைந்துவிட்டது. நானும் அத்தாச்சியும் அவனும்தான் இருந்தோம். போதுமா ஆத்தா என்று கேட்டான்.

"போதாது" என்றேன். "எம்பொண்ணு ஒன்னாலதான் செத்தான்னு சொல்லு. நான் எந்திரிச்சுப் போயிடறேன்."

அவன் சொல்லவில்லை. தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போனான். அதற்குப் பிறகு அந்தக் கொட்டகையில் குறி சொல்லவில்லை. ஆடு மேய்த்தான். தெருவில் என்னைக் கண்டால் ஆட்டை வேறு பக்கம் ஓட்டிக்கொண்டு போவான். நானும் வழியை மாற்றிக்கொண்டது கிடையாது. நேராகத்தான் நடப்பேன். நின்று அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிடுவான் என்று வருஷக்கணக்கில் எதிர்பார்த்தேன். வேறு எதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை. அவன் கடைசிவரை சொல்லவே இல்லை.

சத்துணவு வந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும், அவன் செத்துப்போனான். நெஞ்சுவலி. காலையில் பறைச்சத்தம் கேட்டது. எங்கள் தெருவிலேயே நாலு வீடு தள்ளித்தான் அவன் வீடு. தெருவில் பிணம் கிடக்கும்போது எடுக்கிறவரை ஒரு வீட்டிலும் அடுப்பு எரியாது. குழந்தைக்குக்கூட வேறு தெருவில் போய்ப் பால் காய்ச்சிக்கொண்டு வருவார்கள். அது எங்கள் ஊர் வழக்கம், பகையாளி செத்தாலும் மீறமாட்டார்கள்.

நான் அடுப்பைப் பற்றவைத்தேன்.

அரிசி களைந்து போட்டேன். புளியைக் கரைத்துக் குழம்பு கூட்டினேன். நல்லெண்ணெயைக் காயவைத்துக் கடுகு, வெந்தயம், சின்ன வெங்காயம் போட்டுத் தாளித்தேன். தெரு முழுக்க மணத்தது. என் வீட்டுக்காரர் வந்து நின்று பார்த்தார். கதவையாவது சாத்து என்றார். இரண்டு கதவையும் திறந்து வைத்தேன். ஒப்பாரி ஒரு நிமிஷம் நின்று, பிறகு மறுபடி கேட்டது. தினமும் சமைத்ததும் பெருமாள் படத்துக்கு முன்னால் ஒரு கை வைத்துவிட்டுத்தான் சாப்பிடுவோம். அன்றைக்கு வைக்கவில்லை. அது படைக்கிற சோறு இல்லை என்று எனக்கே தெரியும்.

இழவு வீட்டில் மாரடிக்க வேண்டிய முறைக்காரி அத்தாச்சி. அங்கே உட்கார்ந்திருந்தவள் முந்தானையை உதறிக்கொண்டு எழுந்து, தெருவே பார்க்க நடந்து என் வீட்டுக்குள் வந்தாள்.

"வாசம் அங்க வரைக்கும் வருது. சோத்தைப் போடு புள்ள."

கொஞ்ச நேரத்தில் மூட்டையோடு லாத்தா வந்தாள். விஷயம் தெரியாமல் தெருவுக்குள் வந்துவிட்டவள். நின்று கேட்டாள். மவுத்தானவனை ஏசக் கூடாதும்மா என்றாள். ஏசவில்லை, சமைத்திருக்கிறேன் என்றேன். மூட்டையை இறக்கினாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்கும் ஒரு இலை போட்டேன்.

உப்பு தூக்கல் என்றாள் அத்தாச்சி. இரண்டாம் சோறு வாங்கிக்கொண்டாள். பறை நெருங்கி வந்தது. பாடை கடக்கும்போது வீட்டுக்குள் இருக்கிறவர்களும் எழுந்து நிற்க வேண்டும். என் வீட்டுக்காரர் வாசலில் கைகட்டி நின்றார். அத்தாச்சி என்னைப் பார்த்தாள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். அவளும் எழவில்லை. லாத்தாவும் எழவில்லை. பறைச்சத்தம் தெருமுனை திரும்பும்வரைக்கும் மூன்று பேரும் உட்கார்ந்து சாப்பிட்டோம்.